பலன் காணாத தர்மம்

தன் சரீரத்தில் யாதொரு குறையும் இல்லையென்று மனப்பூர்வமாக நம்பி, வேளைக்கு உண்டு, இரவில் அயர்ந்து உறங்கி, தன் தொழிலைக் குறைவறச் செய்து வாழ்கிற ஒருவருடைய வாசலுக்கு அவர் அழையாமலே சென்று, கையைக் கேட்டு வாங்கி அளந்து பார்த்து, ‘உங்களுக்குள் ஓர் அபாயம் வளர்ந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்வதற்குப் பிறருக்கு அதிகாரம் உண்டா. உண்டெனில், அது செய்தால் புண்ணியம் என்னும் அளவில் நிற்கும் உபகாரமா, அல்லது செய்யாமல் விட்டால் பாவமாகும் கடமையா. கடமையே எனில், கையை அளந்த மாத்திரத்தில் அது தீர்ந்துவிடுமா? ஊர்தோறும் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கும் ஏற்பாடு நம் காலத்தில் பெருகிவருவதைக் காணும்போது இவ்வினாக்கள் எழுகின்றன. வைத்தியர்களும் அதிகாரிகளும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று இவற்றை விட்டுவிடுவது தகாது. தர்மம் இன்னது, கர்மம் இன்னது என்று நூற்றாண்டுகளாக விசாரித்துவந்த ஒரு சமூகம், அந்த விசாரணையை இன்று தன் வாசலுக்கு வந்து நிற்கும் ஒரு புதிய காரியத்தின்மீதும் செலுத்திப் பார்க்க வேண்டும்.

ஜனங்கள் ‘பிரஷர்’ என்று வழங்கும் இந்நோயின் விசேஷம், அது தன்னை உடையவருக்கே தன்னை அறிவித்துக்கொள்ளாமை. பல்வலி வந்தவர் இரவெல்லாம் விழித்திருக்கிறார். காய்ச்சல் கண்டவர் படுத்துவிடுகிறார். இரத்த அழுத்தம் உயர்ந்தவரோ பெரும்பாலும் ஒன்றும் அறியாமல் வயலுக்கும் ஆலைக்கும் போய்வருகிறார். தலைசுற்றல் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் பலர். அந்த அடையாளம் வராமலே பல ஆண்டுகள் கழிந்து, இரத்தக் குழாய்களின் சுவர் தடித்து, இருதயத்தின் இடது கீழறை பருத்து, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் கெட்டு, ஒருநாள் விடியற்காலையில் ‘ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது’ என்னும் செய்தியோடுதான் நோய் வெளிப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது உண்டென்றும், அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் தமக்கு இருப்பதையே அறியார் என்றும் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2020-இல் எடுக்கப்பட்ட கணக்கு இன்னும் வருத்தந்தருவது: 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். அவர்களுள் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினரே.

நம் பழைய வைத்திய தர்மம் நோயாளி தேடி வருவார் என்னும் எதிர்பார்ப்பின்மேல் அமைந்தது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் மருத்துவத்தை நான்கு அங்கங்களாக வகுக்கும்போது, நோயுற்றவரை முதலில் வைத்து, தீர்ப்பவரையும், மருந்தையும், அதை அருகிலிருந்து கொடுப்பவரையும் பின்னர் வைத்தார். 11-ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், காஞ்சிபுரத்துக்கு அருகே ஆறுகள் கூடும் திருமுக்கூடலில் பெருமாள் கோயிலைச் சார்ந்து ஓர் ஆதுலர் சாலை நடந்தது. 15 படுக்கைகள், மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், கைவசம் இருக்க வேண்டிய மருந்துகள் என்று யாவற்றையும் கோயிற் கல்லிலேயே பொறித்துவைத்த அந்தச் சிரத்தையை நினைக்க நெஞ்சம் நெகிழ்கிறது. அங்கே தெய்வ சந்நிதிக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆயினும் அந்தச் சாலையும் காத்திருந்த சாலையே. வலி எடுத்தவர் வந்தார்; வலி இல்லாதவர் வர எந்தக் காரணமும் இருக்கவில்லை. தாம் நோயுற்றிருப்பதை நோயுற்றவரே அறியாத நிலையில், வள்ளுவர் வகுத்த நான்கில் முதல் அங்கமே அரங்குக்கு வராமல் நின்றுவிடுகிறது. மற்ற மூன்றும் எவ்வளவு செம்மையாக இருந்தும் பயனில்லை. ஆகையால் ஐந்தாவதாக ஒருவர் வேண்டியிருக்கிறார். அவர் தேடிச் செல்பவர்.

தேடிச் செல்வதை மறுப்பவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது விதியை. ‘நம் கையில் என்ன இருக்கிறது, பிராரப்தம் எப்படியோ அப்படி’ என்னும் சொல் கிராமத்துத் திண்ணையிலும் கேட்கிறது, படித்தவர் வீட்டுக் கூடத்திலும் கேட்கிறது. இதை அறியாமை என்று எளிதாகத் தள்ளிவிட நான் துணியேன். துன்பத்தில் எத்தனையோ பேரைத் தாங்கி நிறுத்திய நம்பிக்கை அது. பக்கவாதத்தால் படுத்த மகனின் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் தாயார், இது முன்வினை என்று தம்மைத் தேற்றிக்கொண்டால், அவரிடம் தர்க்கம் பேசுபவர் கல்நெஞ்சர். ஆனால் பிராரப்தம் என்பது நேர்ந்தபின் அறியப்படுவது. நேர்வதற்கு முன் அதைப் படித்துச் சொல்லும் கண் நமக்கு இல்லை. நாளை என் அண்டை வீட்டார்க்கு நேரவிருப்பது விழுந்து படுப்பதா, அல்லது யாரோ ஒருவர் வந்து அளந்து சொன்னதால் தப்புவதா என்பதை நான் அறியாதபோது, அவருடைய வினையைக் காரணமாகக் காட்டி நான் சும்மா இருப்பேனாயின், அவருடைய பிராரப்தத்தை நான் கண்டேன் என்று சாதிப்பவனாகிறேன், அது பக்தியாகாது. தன் துன்பத்தைப் பொறுப்பதற்கு விதியை நினைப்பது ஒன்று; பிறர் துன்பத்தைத் தடுக்காதிருப்பதற்கு அதை நினைப்பது முற்றிலும் வேறொன்று. ஊழை அறத்துப்பாலின் இறுதியில் வைத்த வள்ளுவரே, பின்னர் ஆள்வினையுடைமையில் தளராத முயற்சி ஊழையும் பின்னிடச் செய்யும் என்னும் கருத்தை வைத்தார். சைவ சித்தாந்திகள் இன்னும் ஒருபடி சென்று, உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் உயிர் பக்குவமடையும் பொருட்டு இறைவனால் கொடுக்கப்பட்டவை என்பார்கள். கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று ஒப்புக்கொண்டபின், கொடுக்கப்பட்டதைக் கவனியாமல் கெடவிடுவதைச் சமயத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

ஆயினும் இந்தக் கடமை எல்லாக் காலத்துக்கும் ஒரே விதமாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. உயிருள்ள பிராணியின் இரத்த அழுத்தத்தை முதன்முதல் அளந்து எழுதியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். ஒரு குதிரையின் தமனியில் குழாய் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழலை இணைத்து, இரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பியதைக் கண்டு 1733-இல் நூலாக வெளியிட்டார். அந்த வாயில்லா ஜீவனின் வேதனையை எண்ணும்போது மனம் கூசுகிறது. நமக்கு இன்று வலியில்லாமல் கிடைக்கும் ஞானத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட கடன்கள் இருக்கின்றன. இத்தாலியர் ரீவா-ரோச்சி 1896-இல் கையில் சுற்றும் பட்டையை அமைத்தார். ரஷ்யர் கொரோட்கோவ் 1905-இல் அதனோடு ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்தார். அளக்கத் தெரிந்துவிட்டது, குறைக்கத் தெரியவில்லை. அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு அழுத்தம் அபாயகரமாக உயர்ந்திருந்ததை 1944-இலேயே இருதய நிபுணர் கண்டறிந்திருந்தும், உப்பைக் குறைப்பதும் ஓய்வளிப்பதும் தவிர அதைத் தணிக்க நம்பத்தக்க மருந்து யார் கையிலும் இல்லை. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் அழுத்தம் 300/190 என்னும் அளவுக்கு ஏறி, மூளையில் இரத்தம் கசிந்து அவர் மாண்டார். உலகில் மிகுந்த அதிகாரம் படைத்தவருக்கே அறிவு மட்டும் இருந்து உபாயம் இல்லாத நிலை அது. அந்நாளில் ஓர் ஏழை உழவரின் வீட்டுக்குச் சென்று அவருடைய எண்ணைச் சொல்லியிருந்தால், அச்சத்தைத் தவிர அவருக்கு வேறென்ன கிடைத்திருக்கும்?

நிலைமை மாறியதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலம் கையாண்ட சர்ப்பகந்தா வேரை நோயாளிகளிடம் முறையாகப் பரீட்சித்து, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் எழுதினார். அதன்பின்பே மேனாட்டார் அவ்வேரின் சத்தை விரும்பித் தேடினர். 1967-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் பிரைஸ் என்பவரின் தலைமையில் நடந்த ஆராய்ச்சி எல்லாச் சந்தேகத்தையும் தீர்த்தது. கடுமையான அழுத்தமுடைய 143 ஆண்களில் உண்மை மருந்து பெறாத 70 பேருள் 27 பேருக்குப் பெருங்கேடுகள் நேர்ந்தன. மருந்து பெற்ற 73 பேருள் இருவருக்கே நேர்ந்தன. அந்த நாள் முதல் அறியாமை இரக்கத்துக்குரிய ஒன்றாக இருந்தது போய், அலட்சியத்தின் பெயரைப் பெற்றுவிட்டது. செய்ய இயலாததற்கு யாரும் பொறுப்பாளி ஆகார். சில காசுகளுக்குக் கிடைக்கும் மாத்திரையால் செய்ய இயலும் என்று தெரிந்தபின், சமூகம் பொறுப்பாளி ஆகிவிடுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட நுட்பமானது. அதை நான் மதிக்கிறேன். நலமாக உணர்பவரிடம் நோய் என்னும் சொல்லைச் சொல்வதே ஒரு காயம். கனடாவில் உருக்காலைத் தொழிலாளர்களைப் பரிசோதித்த ஹெய்ன்ஸ், சாக்கெட் முதலிய மருத்துவர்கள் 1978-இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. உயர் அழுத்தம் உண்டென்று தெரிவிக்கப்பட்டபின் அத்தொழிலாளர்கள் நோயைக் காரணமாகக் காட்டி வேலைக்கு வராத நாட்கள் 80 விழுக்காடு உயர்ந்தன. அதே காலத்தில் ஆலையின் மற்றவர்களிடையே அவ்வுயர்வு 9 விழுக்காடே. உடம்பில் ஒன்றும் மாறவில்லை. தன்னைப் பற்றிய எண்ணம் மாறியது, அதனால் வாழ்க்கை மாறியது. அந்த ஆராய்ச்சி காட்டிய இன்னொரு விஷயமும் உண்டு: அந்த உயர்வோடு சேர்ந்து நின்ற முக்கிய காரணங்கள் இரண்டு, நோயை அறிந்தமையும் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமையும். அறிவு வந்து பராமரிப்பு நிலைக்காத இடத்தில்தான் அறிவு சுமையாயிற்று என்று நான் இதைப் பொருள்கொள்கிறேன்.

எந்த எண்ணுக்கு மேல் நோய் என்பதும் இயற்கை வரைந்த கோடு இல்லை. 1950-களில் இங்கிலாந்தில் பிளாட் என்பவர் உயர் அழுத்தம் தனியானதொரு நோய் என்றும், பிக்கரிங் என்பவர் அது எல்லார்க்கும் உள்ள ஓர் அளவின் மேற்பகுதியே, இடையில் பிரிகோடு கிடையாது என்றும் நெடுநாள் வாதிட்டனர். பிக்கரிங் சொன்னதே நிலைத்தது. 140/90 என்பது மருத்துவர்கள் காரிய சௌகரியத்துக்காக ஒப்புக்கொண்ட எல்லை. அமெரிக்கர் 2017-இல் அதை 130/80 ஆக்கியபோது, முந்தின இரவு ஆரோக்கியமாகப் படுத்தவர்களில் பெருந்தொகையினர் மறுநாள் நோயாளிகளாக எழுந்தார்கள். எனவே வாசலில் நின்று அளப்பவர், ‘நீங்கள் நோயாளி’ என்று தீர்ப்புச் சொல்லாமல், ‘உங்கள் அளவு இது, டாக்டர் இன்னொரு முறை பார்க்கட்டும், இதைக் குறைக்க வழி இருக்கிறது’ என்று சொல்வதே உண்மைக்கும் அன்புக்கும் ஒருங்கே பொருந்துவது.

இனி, என் மனத்தில் நெடுநாளாக நிற்கும் விஷயத்துக்கு வருகிறேன். பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2016-இல் வெளியான கணிப்பின்படி, மேலழுத்தம் 10 அலகு குறைந்தால் பக்கவாதம் ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது. ஒரு பெரிய ஊரில் வருங்காலத்தில் நால்வர் விழவேண்டியிருந்த இடத்தில் மூவர் விழுகிறார்கள் என்று இதைக் கொள்ளலாம். அந்த நான்காமவர் யார்? அவரை யாராலும் சுட்ட முடியாது. அவரும் தம்மை அறியார். விழாமற்போன ஒரு காலைப்பொழுதில் அவர் வழக்கம்போலப் பல் துலக்கி, காப்பி குடித்து, பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார். அவர் மீட்கப்பட்டார் என்பதற்கு உலகில் யாதொரு சாட்சியும் இல்லை. மாத்திரையை உட்கொண்டும் விழுந்த மூவர் அம்மாத்திரையைக் குறை சொல்வர்; உட்கொள்ளாதிருந்தாலும் விழுந்திராத நூற்றுக்கணக்கானோர் அதை வீண் தொல்லை என்பர்; பயன்பெற்ற ஒருவரோ நன்றி சொல்வதற்கு யாதொரு காரணமும் அறியாதவராக இருப்பார். ஜெப்ரி ரோஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1980-களில் இதையே எடுத்துரைத்தார்: சமூகம் முழுவதற்கும் பெரும் நன்மை தரும் தற்காப்பு, அதில் பங்குகொள்ளும் ஒவ்வொரு தனிமனிதருக்கும் மிகச் சிறிதளவே தருவதாகத் தோன்றும்.

கீதையைப் போற்றும் நம் நாட்டில் நிஷ்காமிய கர்மத்தைப் பற்றிப் பிரசங்கங்கள் ஏராளம். பலனில் பற்று வைக்காமல் செய் என்பது உபதேசம். ஆனால் நாம் செய்யும் நற்செயல்களில் பெரும்பாலானவற்றில், பற்று வைக்காவிட்டாலும் பலன் கண்முன் வந்து நிற்கிறது: சோறு இட்டால் பசித்தவரின் முகம் மலர்கிறது; அறுவைச் சிகிச்சை செய்தவர் நோயாளி எழுந்து நடப்பதைக் காண்கிறார்; கண் மருத்துவர் கட்டை அவிழ்த்ததும் பாட்டி தம் மகளை அடையாளங் காண்கிறார். அந்த மலர்ச்சியைக் கண்டு மனம் மகிழாதிருத்தல் முனிவர்க்கே அரிது. இரத்த அழுத்தம் பார்க்கும் பணியிலோ, அந்த மகிழ்ச்சி செய்பவருக்கு இயற்கையாலேயே மறுக்கப்பட்டிருக்கிறது. பத்து ஆண்டுகள் ஒரு தெருவில் நடந்து ஆயிரம் கைகளை அளந்தவர்கூட, ‘இவரை நான் காப்பாற்றினேன்’ என்று ஒருவரையும் காட்ட முடியாது. பலனைத் துறக்கும்படி அவருக்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. துறப்பு அந்த வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. சாஸ்திரங்கள் உயர்ந்த சாதகர்க்கு விதித்த நிலையை, மாதாந்தரச் சிறு ஊக்கத்தொகைக்கு வேலைசெய்யும் ஒரு கிராமத்துப் பெண் நாள்தோறும் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. அவருடைய வேலையை இரண்டாந்தரமாக எண்ணும் சமூகம் தன் சமயத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில் இப்பணியைச் செய்பவர்கள் பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள். அவர்கள் அளந்து, அளவு மிகுந்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். மருத்துவர் உறுதிசெய்தபின் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். ‘எனக்கு என்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்’ என்று கையை இழுத்துக்கொள்ளும் பெரியவரிடம், ‘இருக்கட்டும் தாத்தா, சும்மா உக்காருங்க, பாத்துட்டுப் போயிடறேன்’ என்று சொல்லி அவரை உட்காரவைக்கும் சாமர்த்தியம், வெளியூரிலிருந்து வரும் அதிகாரிக்குக் கைவராது. அதே தெருவில் பிறந்தோ வாழ்க்கைப்பட்டோ வந்தவருக்குத்தான் அது வரும். பெரியவர் கையை நீட்டுவது, அழைத்தவரை அவர் அறிந்திருப்பதால். அவர் நீட்டாமல் விட்டால் அதையும் மதித்துத் திரும்பிச் சென்று, வேறொரு நாள் மறுபடி வருவதற்கும் அந்த அறிமுகமே இடங்கொடுக்கிறது. முதல் வினாவுக்கு விடை இங்கே இருக்கிறது: அழையாமல் செல்லும் அதிகாரம் சம்மதத்தைக் கேட்டு நிற்பதற்கு உள்ள அதிகாரமே, அதற்குமேல் இல்லை.

பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும் ஆகையால், உழைக்கும் வயது ஆண்கள் இந்த வலைக்குத் தப்பிவிடுகிறார்கள் என்பது பெரிய குறை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ரொனால்ட் விக்டர் என்னும் மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். அங்குள்ள கறுப்பின ஆண்கள் ஆஸ்பத்திரிக்கு வராவிட்டாலும் முடிதிருத்தும் கடைக்குத் தவறாமல் வருவார்கள் என்று உணர்ந்து, 52 கடைகளில் 319 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியை 2018-இல் வெளியிட்டார். மருந்தாளுநர் கடைக்கே வந்து மருந்து கொடுத்த கடைகளில், ஆறு மாதத்தில் மேலழுத்தம் சராசரியாக 27 அலகு இறங்கியது. முடிதிருத்துபவர் அறிவுரை மட்டும் சொன்ன கடைகளில் 9 அலகே இறங்கியது. நம் கிராமங்களிலும் ஒரு காலத்தில் முடிதிருத்தும் தொழிலுடையவரே மருத்துவர் என்று அழைக்கப்பட்டார். அவர் வீட்டுப் பெண்களே மருத்துவச்சியர். அவர்களுடைய கைத்திறனில் பிறந்துவளர்ந்த சமூகம் அவர்களைத் தாழ்த்தி வைத்த அநீதியைத் துடைக்க, அந்தக் கடைகளை மறுபடி ஆரோக்கியத்தின் இடங்களாக ஆக்குவது ஓர் அழகிய வழி. ஆனால் அந்த ஆராய்ச்சியின் இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறிவுரை 9, அறிவுரையோடு தொடர்ந்த மருந்து 27.

மூன்றாவது வினா, கடமை எங்கே முடிகிறது என்பது, இவ்விடத்தில் தீர்மானமாகிறது. நோய்களைத் தேடிக் கண்டறியும் முறைகளுக்கு வில்சன், யுங்னர் என்னும் இருவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968-இல் வகுத்த பத்து விதிகளில், கண்டுபிடித்தவருக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை இருக்கவேண்டும் என்பது ஒன்று; தேடுதல் ஒருமுறையோடு முடியாத தொடர்செயலாக இருக்கவேண்டும் என்பது இறுதியானது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நம் ஊர்களில் நடப்பதென்ன? திருவிழாவை ஒட்டியோ தலைவர் பிறந்தநாளை ஒட்டியோ பந்தல் போட்டு, ஒலிபெருக்கி முழங்க, வரிசையில் நிற்பவர்களை அவசர அவசரமாக அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்து, மாலையில் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், அரைமணி நேரத்துக்குள் காப்பியோ புகையிலையோ கூடாது, கை இருதய மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும், பேசக்கூடாது, இருமுறையாவது பார்க்க வேண்டும். இந்த விதிகளில் ஒன்றேனும் அந்த வரிசையில் நிறைவேறுவதில்லை. பொய்யான எண்ணால் கலங்கியவர் ஒருபுறம், மெய்யான எண்ணைச் சட்டைப்பையில் மடித்து மறந்துபோனவர் மறுபுறம். இருவருக்கும் செய்யப்பட்டது அநீதியே. நோக்கம் நல்லதென்பதால் அது தர்மமாகிவிடாது.

வீட்டிலும் ஒரு பங்கு இருக்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்ட உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் கருவாடும் இன்றிச் சோறு இறங்காத நமக்கு அது கடினமான விரதம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழகிய நாக்கு சில வாரங்களில் குறைந்த உப்புக்கும் பழகிவிடும். மாத்திரையை ஒருமுறை ஆரம்பித்தால் நிறுத்த முடியாதே என்று அஞ்சுபவர்களிடம், நிறுத்த முடியாமைக்குக் காரணம் நோய் நீடிப்பதே, மாத்திரை அடிமைப்படுத்துவதில்லை என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது.

கோயில் அறங்காவலர்களையும், ஜமாத்தினரையும், தேவாலயச் சபையாரையும், ஊர்ச் சங்கத்தாரையும் நான் வேண்டிக்கொள்வது இது. முகாம் நடத்துங்கள், உங்கள் மண்டபங்களைவிட அமைதியாக ஐந்து நிமிடம் உட்கார ஏற்ற இடம் ஊரில் வேறில்லை. ஆனால் முதல் கையை அளப்பதற்கு முன்பே, அழுத்தம் மிகுந்தவராகக் காணப்படுபவர் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்வார், யார் உடன் செல்வார், மாத்திரை மாதந்தோறும் எங்கிருந்து வரும் என்பவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குச் சென்று விசாரிக்க உங்களிடம் ஆள் இல்லையென்றால் முகாமை ஒத்திவையுங்கள். ஆள் கிடைத்த பின்பு நடத்துங்கள்.